ப்ரூஜும் கபாலேயும் ஒரே பயணத்தில்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

ஐரோப்பாவில் ஒரு பழைய நகரம், ஆப்பிரிக்காவில் ஒரு மலையூர், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெல்ஜியத்தில் ப்ரூஜ், உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் கபாலே. இதற்கான தகவல்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது, எந்தக் காகிதத்தை முதலில் எடுப்பது என்று யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. நான் தேடி அலைந்து கற்றதை நீங்களும் அலைந்து கற்க வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டையும், சென்னையிலிருந்து கிளம்புவதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த இரண்டு ஊர்களையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலிருந்து, பக்கத்து நாடான ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கும், உகாண்டாவின் சர்வதேச விமான நிலையம் இருக்கும் என்டெபேக்கும் பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் இருக்கிறது. இடையில் எங்கும் மாற வேண்டியதில்லை, ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். ப்ரூஜுக்கான வேலை எல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிட வேண்டும், அங்கே போனபின் நடக்க மட்டும்தான் வேண்டியிருக்கும். கபாலேயில் நேர்மாறு. காகிதம் குறைவு, ஆனால் வண்டி, படகு, விலை, நேரம் எல்லாம் அங்கே போய் ஆளோடு ஆளாகப் பேசித்தான் முடிவாகும். ஒன்றுக்குத் திட்டமிடுகிற மாதிரி இன்னொன்றுக்குத் திட்டமிட்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

கபாலேயில் மழைக்காலம் இரண்டு: மார்ச் முதல் மே வரை, அப்புறம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மழை பிடித்தால் மலைப்பக்கத்து மண்பாதைகள் சேறாகிவிடும். ப்ரூஜில் குளிர்காலத்தில் பகல் சீக்கிரம் முடிந்துவிடும், கால்வாய்ப் படகுகளும் பெரும்பாலும் ஓடாது. இரண்டு ஊருக்கும் ஒத்து வருவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். அதிலும் ஜூன் முதல் பாதியைச் சொல்வேன். ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டம் அப்போது இன்னும் தொடங்கியிருக்காது, அறை வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஜூன் என்றால் வேலையை ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பிய விசாவுக்கு நாள் கிடைப்பது மிகக் கடினம், எல்லோருடைய கோடை விடுமுறைக் கூட்டமும் அங்கேதான் நிற்கும்.

2. மஞ்சள் காய்ச்சல் ஊசியிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் விசாவில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது ஊசியில். உகாண்டா இ-விசா விண்ணப்பத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை ஏற்றச் சொல்வார்கள், அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம், இது வெறும் மிரட்டல் இல்லை, சட்டம்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தினமும் போடுவதில்லை, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கும் உண்டு, அதனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அரசு மையங்களில் செலவு சில நூறு ரூபாய்தான். பாஸ்போர்ட் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை:

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற பழைய விதி 2016 ஜூலையோடு போய்விட்டது.

சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் எழுதும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் அங்கேயே நின்று ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் ஊசிக்குப் போங்கள், இல்லையென்றால் அட்டையில் ஓர் எண், கையில் இன்னோர் எண் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடும் ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் கட்டாயம் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். அம்மா, அப்பாவை அழைத்துப் போக நினைத்தால் டிக்கெட் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அதே டாக்டரிடம் கேட்டுவிடலாம். கபாலே உயரத்தில் இருப்பதால் கொசு குறைவுதான், ஆனால் என்டெபேயிலும் தலைநகர் கம்பாலாவிலும் தங்காமல் யாரும் வருவதில்லை.

3. உகாண்டா விசா

இது முழுக்க இணையத்தில். ஒருமுறை நுழையும் சுற்றுலா விசாவுக்கு 50 டாலர், அதோடு கார்டு கட்டணம் கொஞ்சம். பாஸ்போர்ட் ஸ்கேன், புகைப்படம், மஞ்சள் அட்டை, பயண விவரம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே பெரிய சௌகரியம், ஐரோப்பிய விசாவுக்காக அது வேறெங்காவது முடங்கிக் கிடந்தாலும் ஸ்கேன் இருந்தால் இந்த வேலை நடக்கும்.

தேடினால் முதலில் வந்து நிற்பவை இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களின் தளங்கள், பார்ப்பதற்கு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி 'டாட் கோ டாட் யூஜி' என்று முடிந்தால்தான் அரசுத் தளம். கைக்கு வருவது அனுமதிக் கடிதம்தான், அதை அச்செடுத்துக்கொண்டு போனால் எல்லையில் கைரேகை எடுத்து விசா தருவார்கள். கடிதத்தில் எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்று இருக்கும், அதனால் ரொம்ப முன்னதாகவும் எடுத்து வைக்க வேண்டாம்.

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரு கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. கென்யாவுக்குப் போகாதவர்களுக்கு அது வீண். ருவாண்டாவில் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு 30 நாள் வரை விசாக் கட்டணமே கிடையாது, இந்தியாவும் அதில் அடக்கம்.

4. ஷெங்கன் விசா

பெல்ஜியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா இது, இதில்தான் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விண்ணப்பம் வாங்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி, கூரியர் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அந்த 45-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுக்கிக்கொண்டு போக வேண்டியவை: கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்ட, இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், வங்கி முத்திரையோடு மூன்று முதல் ஆறு மாத ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், அறை முன்பதிவு, விமான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு.

விமானத்துக்கு முன்பதிவு போதும். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று லட்சக்கணக்கில் பணம் வந்து விழுந்தால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். கணக்கில் இருப்பது கொஞ்சமாக இருந்தாலும் மாதாமாதம் சீராக இருப்பது நல்லது. சொத்து விற்றது, வைப்புத்தொகை முதிர்ந்தது என்று உண்மையான காரணம் இருந்தால் அதற்கான காகிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ப்ரூஜில் மூன்று இரவு, பாரிஸில் ஐந்து இரவு என்று திட்டம் வைத்துக்கொண்டு பெல்ஜியத்துக்கு விண்ணப்பித்தால் வாங்கவே மாட்டார்கள்.

அப்புறம் இந்தப் பயணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பெல்ஜியத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பவில்லை, ஆப்பிரிக்காவுக்குப் போகிறீர்கள். அதிகாரிக்கு இது விநோதமாகத் தெரியலாம். ஒரு பக்கத்தில் தெளிவான கடிதம் எழுதி, எந்தத் தேதியில் எங்கே இருப்பீர்கள் என்று நாள்வாரியாகக் கொடுத்து, உகாண்டா அனுமதிக் கடிதத்தையும் என்டெபேயிலிருந்து சென்னை திரும்பும் முன்பதிவையும் இணையுங்கள். உகாண்டா விசாவை முன்னால் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

காப்பீட்டில் ஷெங்கன் நாட்கள் மட்டும் அடங்கினால் போதாது. உகாண்டா நாட்களையும், ஆபத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவையும் அது ஏற்க வேண்டும். கபாலேயில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் கம்பாலாவோ நைரோபியோதான்.

5. எந்த வரிசையில் போவது

சென்னை – பிரஸ்ஸல்ஸ், பிரஸ்ஸல்ஸ் – கிகாலி, பிறகு தரைவழியாகக் கபாலே, கடைசியில் என்டெபே – சென்னை. இந்த வரிசையில் ஐரோப்பாவுக்குள் ஒரே முறைதான் நுழைகிறீர்கள், ஒற்றை நுழைவு விசாவே போதும். பிரஸ்ஸல்ஸுக்குப் போய்வரும் டிக்கெட் மலிவாகத் தெரியும், அதில் மயங்கி மறுபடி பிரஸ்ஸல்ஸ் வழியாகத் திரும்புவதாகத் திட்டமிட்டால் விசாவில் இன்னொரு சிக்கலைத் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். என்டெபேயிலிருந்து அடிஸ் அபாபா வழியாகவோ வளைகுடா வழியாகவோ சென்னை வருவது எளிது.

கிகாலியில் இறங்கச் சொல்வதற்குக் காரணம் தூரம். கம்பாலாவிலிருந்து கபாலே 400 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். கிகாலியிலிருந்து எல்லை வரை சுமார் 80 கிலோமீட்டர், அங்கிருந்து கபாலே இன்னொரு 20. எல்லையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரத்தில் போய்விடலாம். கிகாலியில் நியாபுகோகோ பேருந்து நிலையத்தில் கம்பாலா போகும் வண்டிகளும் எல்லை வரை போகும் வண்டிகளும் கிடைக்கும். திரும்பும்போது கம்பாலா வழியாகப் போய் அந்த நீளப் பாதையை ஒரே ஒரு முறை மட்டும் கடக்கலாம்.

ருவாண்டாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது, பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், துணிப்பையில் கட்டுங்கள். எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், கிகாலியில் மதியம் 12 என்றால் கபாலேயில் 1 மணி. கட்டுனா எல்லையில் நடந்து கடக்கும்போது கூட வந்து 'நான் உதவுகிறேன்' என்று காகிதத்தைக் கையிலிருந்து வாங்கப் பார்க்கும் ஆட்களிடம் எதையும் கொடுக்க வேண்டாம், அந்த வேலையில் உதவி தேவையே இல்லை.

6. பணம்

ப்ரூஜில் கிட்டத்தட்ட எல்லாமே கார்டு. ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டால் போதும், கழிப்பறைக்கும் சின்ன வறுவல் கடைகளுக்கும் கொஞ்சம் சில்லறை. கோடையில் நல்ல இரட்டை அறை ஓர் இரவுக்கு 100 யூரோவுக்குக் கீழே கிடைப்பது கஷ்டம், அதோடு நகர வரியும் சேரும். பேரம் என்ற பேச்சே இல்லை.

கபாலேயில் ரொக்கம். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே டாலர் நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துப்போகலாம். நோட்டு புதிதாக, மடிப்பு, கிழிசல், மை இல்லாமல் இருக்க வேண்டும். பழைய வரிசை நோட்டுகளை மாற்றித் தரவே மாட்டார்கள். 50, 100 நோட்டுகளுக்கு நல்ல விலை, 5, 10 நோட்டுகளுக்குக் குறைவு. அதனால் வாங்கும்போதே கவுன்டரில் ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. ஒரு டாலருக்குச் சுமார் 3,500 உகாண்டா ஷில்லிங் கிடைக்கும். கபாலேயில் ஏடிஎம் உண்டு, ஆனால் பக்கத்திலிருக்கும் புன்யோன்யி ஏரிக்குப் போகும் முன் ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். சுத்தமான விடுதி அறை 15 முதல் 40 டாலருக்குள்.

உள்ளூர்க்காரர்கள் ஃபோன் வழியாகத்தான் பணம் அனுப்புகிறார்கள், எம்டிஎன் அல்லது ஏர்டெல் ஃபோன் நிறுவனங்களின் வழியாக. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினால் நீங்களும் அதில் கொடுக்கலாம், படகுக்காரருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அதுதான் வசதி.

7. ப்ரூஜில்

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம். ப்ரூஜுக்கு ஒன்றரை மணி நேரம். இருக்கை முன்பதிவு கிடையாது, எந்த ரயிலிலும் ஏறலாம், ஆனால் விமான நிலையத்துக்கான கூடுதல் கட்டணம் அடங்கிய டிக்கெட்தானா என்று பாருங்கள். ப்ரூஜ் நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள மார்க்ட் சதுக்கம் இருபது நிமிட நடை. தெரு முழுக்கக் கல் பதித்தது, சக்கரப் பெட்டி உடைந்துவிடும், முதுகுப்பைதான் நல்லது.

பகலில் வந்து மாலையில் போகிறவர்கள்தான் இங்கே கூட்டம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை சதுக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு இரவாவது நகருக்குள்ளேயே தங்குங்கள், காலை ஏழு மணிக்குக் கால்வாய் ஓரமாக நடந்தால்தான் 2000-இல் யுனெஸ்கோ இந்த ஊரை ஏன் பட்டியலில் சேர்த்தது என்று புரியும். அறை கொஞ்சம் விலை என்றாலும் இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

83 மீட்டர் மணிக்கூண்டுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். 366 படி, மேலே போகப் போக ஆளுக்கு ஆள் உரசும் அளவுக்குக் குறுகல், முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். திங்கட்கிழமை பெரும்பாலான நகர அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். மிக்கேலாஞ்சலோவின் மாதா சிலை அன்னை தேவாலயத்தில் இருக்கிறது, இத்தனை பேர் வந்து போகிற ஊரில் அதன் முன்னால் மட்டும் பலரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், அவசரமில்லாமல் போய் நில்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளை வறுவல் வாங்கும் முன் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், பழைய முறையில் அதை மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு.

8. கபாலேயில்

ஊர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில்தானே என்று நினைத்து மெல்லிய சட்டை மட்டும் கொண்டுபோனால் இரவில் நடுங்குவீர்கள். ஐரோப்பாவுக்கு எடுத்த ஸ்வெட்டர் ஜூன் மாதப் ப்ரூஜைவிட இங்கேதான் அதிகம் உதவும். முதல் நாள் மேடு ஏறினால் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

ப்ரூஜில் பார்ப்பதற்குக் கட்டடங்கள், இங்கே மனிதர் கை பட்ட மலை. உச்சி வரை படிப்படியாக வெட்டிய வயல்களில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், சோளம். புன்யோன்யி ஏரி ஏழெட்டு கிலோமீட்டரில். ருட்டிண்டா படகுத்துறையில் மரத்தைக் குடைந்த ஓடமும் கிடைக்கும், மோட்டார் படகும் கிடைக்கும். ஏறும் முன்பே விலை, எத்தனை தீவு, எத்தனை மணி நேரம், காத்திருப்பு அதில் சேர்த்தியா என்று நான்கையும் பேசி முடியுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

'டாக்ஸி' என்றால் பதினான்கு பேர் ஏறும் வேன், நிரம்பினால்தான் கிளம்பும். தனிக் கார் வேண்டுமென்றால் 'ஸ்பெஷல் ஹயர்' என்று கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள் போடா-போடாவில் ஹெல்மெட் கேளுங்கள், இருட்டியபின் வேண்டாம். இரவுப் பேருந்தும் வேண்டாம்.

யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்னும் 'அகண்டி' என்று நலம் விசாரியுங்கள். விசாரிக்காமல் நேராக விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும். வயலில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துப்போகும். பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, மட்டோக்கே எனும் வாழைக்காய் மசியல், முட்டைகோஸ், தெருவோரத்தில் சூடான சப்பாத்தி. சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டித் தருவதற்கு ரோலெக்ஸ் என்று பெயர், அதிகாலைப் பயணத்துக்கு அதைவிட நல்ல உணவு இல்லை. பாட்டில் தண்ணீர் அல்லது கொதித்த தண்ணீர் மட்டும்.

கொரில்லா பார்க்க விரும்பினால் அது தனிக் கணக்கு. ப்விண்டி காட்டுக்கான அனுமதிச் சீட்டு வெளிநாட்டவருக்கு 2024 ஜூலையிலிருந்து 800 டாலர், 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஜூன் மாதம் என்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்க வேண்டும். கபாலேயில் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாத ஒரே விஷயம் இது. சீட்டில் எந்தப் பகுதி என்று இருக்கும், ருஷாகா அல்லது ருஹிஜா என்றால் கபாலேயிலிருந்து போக வசதி. அது வேண்டாம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஏரியும் வயலும் சந்தையுமே மூன்று நாளுக்குத் தாங்கும்.

9. திரும்பும் நாள்

கபாலேயிலிருந்து கிளம்பும் அன்றே விமானம் ஏறலாம் என்று திட்டமிடாதீர்கள். காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினாலும் கம்பாலா நெரிசலில் இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும், அதற்கப்புறம் என்டெபே இன்னும் 40 கிலோமீட்டர். முந்தைய இரவு என்டெபேயிலேயே தங்குங்கள். மீந்த ஷில்லிங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் யாரும் வாங்க மாட்டார்கள். மஞ்சள் அட்டையின் அசலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டுவிட்டால் சென்னையில் சுகாதார மேசையில் கேட்கும்போது அது இன்னும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.